கழற்றிப் பூட்டுபவர்

கடையில் முழுதாக விற்கும் கம்ப்யூட்டரை வாங்குபவர்களைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. அவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள். நான் சொல்ல வருவது வேறொரு இனம். மதர்போர்டு ஓரிடம், ராம் ஓரிடம், பெட்டி ஓரிடம் என்று தேடித் தேடி வாங்கி வந்து, ஹால் தரையில் பாயை விரித்து, தன் கையாலேயே எல்லாவற்றையும் பூட்டி, அன்று முதல் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காப்பிக்கு முன்னால் அந்தப் பெட்டியைக் காட்டுகிறவர். கோயமுத்தூரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. உங்களுக்கு ஒருவரையும் தெரியாதா? கொடுத்து வைத்தவர் நீங்கள்.

இவருடைய கம்ப்யூட்டர் கெட்டுப்போகாது. கரண்டு சரியில்லாமல் இருக்கும், பிளக் ஆடும், பக்கத்து வீட்டுக்காரர் போர் மோட்டார் போட்டிருப்பார்; கம்ப்யூட்டர் மட்டும் கெடாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரையாவது நாலாவது காலைக் காட்டி மடக்கலாம். இவர் அந்தக் காலைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார்.

கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் நஞ்சுண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடமாகத் தண்ணீர் கசியாமல் போல்ட்டு இறுக்கிப் பழகிய கை. போன ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டிவிட்டு, பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனின் நான்கு ஸ்குரூக்களையும் அதே கையால் இறுக்கினார். திங்கட்கிழமை காலை ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு.

கட்டடக்கலை கடைசி வருடம் படிக்கும் மகள் அக்ஷயாவின் மூன்று மாத வரைபடங்கள் அதிலுள்ள டிஸ்க்கில் இருந்தன. அதற்குள் மட்டும்தான் இருந்தன. இணையத்தில் ஒரு நகல் போட்டு வைக்கலாமா என்று அவள் முன்பு கேட்டபோது, "நம்மூட்டுச் சாமானை எதுக்குக் கண்ணு ஊரான் ஊட்டுல வெக்கோணும்?" என்று தடுத்தவர் இதே அப்பாதான். அன்று மாலை ஐந்து மணிக்குள் கல்லூரிக்கு அனுப்பாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் வீண்.

அதற்காக இவர் பதறுவாரா? இந்த இனத்துக்கு ரிப்பேர் என்றால் பண்டிகை. பாய் விரிந்தது. ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் பூட்டினார், கறுப்பு. பட்டன் பேட்டரியை எடுத்து வேட்டியில் துடைத்துப் போட்டார், கறுப்பு. ஒயர்களையெல்லாம் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகி, கடைசியில் பெட்டியின் மேல் காதை வைத்து மோட்டாருக்குக் கேட்பது போலக் கேட்டார். "சத்தம் சுத்தமா இருக்குது. மெஷின்ல கோளாறே இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். அப்போது மணி மூன்று.

போத்தனூரில் இருக்கும் அக்ஷயாவின் தோழி ரம்ஷா போனில் வந்தாள். "அங்கிள், ஃபேன் ஸ்குரூ ரொம்ப டைட்டா இருந்தாலும் இப்படி ஆகுமுங்க. போர்டு வளைஞ்சுக்கும். அரைச் சுத்து லூஸ் பண்ணிப் பாருங்களேன்."

"லூஸா?" முப்பது வருடப் பட்டறைக்கு அவமானம் தாங்கவில்லை. "இறுக்குனதுனால கெட்டுப்போச்சுன்னு சரித்திரமே இல்லை அம்மணி!"

"அப்பா, டிஸ்க்கை மட்டும் கழட்டிக் குடுங்ப்பா" என்றாள் அக்ஷயா. "ரம்ஷா ஊட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டு அனுப்பிச்சுட்டு வந்தர்றேன்."

"கடையில வாங்குன பொட்டியிலயா? என்ற மெஷின் இங்க இருக்கறப்பவா? சித்த இரு கண்ணு, புடிச்சுப்போட்டேன்."

"எனக்கு அழுகையா வருதுங்ப்பா."

உண்மையிலேயே வந்தது. இந்தக் கதையைக் கேட்ட எனக்கே அந்த மனிதரின் கையிலிருந்து திருப்புளியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அவர் கரண்டு பார்க்கும் மீட்டரை எடுத்து வரப் பட்டறைக்குப் போனார். அம்மா சாந்தாமணி பெட்டியைப் பிடித்துக்கொள்ள, மகள் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போத்தனூருக்குப் பறந்தாள்.

திரும்பி வந்த நஞ்சுண்டன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஹாலில் யாருமில்லை. இந்த இனத்தின் முக்கியமான குணம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: அடுத்தவர் யோசனையை இவரும் கேட்பார், சொன்னவர் கண் மறைந்த பிறகு. நைசாக நான்கு ஸ்குரூக்களையும் அரைச் சுற்று தளர்த்தினார். திரைக்கு உயிர் வந்தது. டிஸ்க் இல்லை என்று எழுத்தும் வந்தது.

"சாந்தாமணி! காலையிலயே நெனச்சேன், டிஸ்க்குலதான் கோளாறு!"

"ஏனுங்க, சட்டியில இருந்தாத்தானுங்க அகப்பையில வரும்?" என்றார் அந்த அம்மாள் சமையலறையிலிருந்து. "டிஸ்க்கை அம்மணி கொண்டுபோயிட்டாளுங்க."

நாலே முக்காலுக்கு அக்ஷயா கூப்பிட்டாள். "அனுப்பிச்சுப்போட்டேனுங்ப்பா. இங்க மாட்டுனதும் ஓடிருச்சுங்க."

நஞ்சுண்டன் திருப்புளியைக் கீழே வைத்தார். மகளின் வருடம் தப்பியதில் கண்கூடக் கலங்கியது. சரி, மன்னித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாத்தியா கண்ணு? கடைப் பொட்டியே ஓடுதுன்னா, நான் போட்ட டிஸ்க்கு எப்பேர்ப்பட்டதுன்னு!"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, "இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை, முதலில் பவர் சப்ளையை அல்லவா மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்?" என்று உங்கள் மனசுக்குள் ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது? அடுத்த தடவை கை துறுதுறுக்கும்போது, வீட்டில் யாருக்காவது ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.