சீட்டுப்பொதி வாயில் புகுந்த படலம்

வாழ்க எம் பொதிகாரர்! கருந்திரைக் காவலர், விசைப்பலகை வேந்தர், ஆறிய காப்பியை அமுதமென அருந்தும் அருந்திறலார், மழியாத் தாடியும் தேய்க்காத சட்டையுமே கவசமாய்க் கொண்டு, ஒரு காசு கூலி பெறாமல் லினக்ஸ் எனும் கணினி இயங்குதளப் பேரரசுக்குப் பொதி கட்டித் தரும் கொடைவள்ளல்! அன்னாரின் அருஞ்செயலை உரைக்கப் புகுந்தோம். மின்சாரம் காக்கும் தெய்வமே, இந்த ஒரு காலைப் பொழுது மட்டும் கண்ணயராதிருப்பாயாக!

போரின் காரணம் கேண்மின். வீரரின் மனைவி ஒரு நூலகர். புத்தக முதுகில் ஒட்டும் எண்சீட்டுகளை அந்த நூலகத்தில் அச்சிட்டுத் தருவது ஒரு சிறு மென்பொருள். எவரும் ஒரே கட்டளையில் தம் கணினியில் நிறுவிக்கொள்ளுமாறு அதைப் பொதியாகக் கட்டிப் பேணிவருபவர் நம் வீரர். பேரரசின் புதிய பதிப்பு வரவிருந்தது. வியாழன் மாலை அதன் கோட்டைவாயில் அடைபடும். அதற்குள் புகாத பொதி அடுத்த பதிப்பு வரை அகழிக்கு வெளியே நிற்கும். அப்படி நின்றால், புதிய பதிப்புக்கு மாறவிருக்கும் நூலகக் கணினியில் அது கிடைக்காது, சீட்டுகளை எல்லாம் நூலகரம்மையார் கையால் எழுத வேண்டியதுதான். "நின் விரலில் ஒரு துளி மை பட விடேன்!" என்று வீரர் முன்பே சூளுரைத்துவிட்டார். சூளுரைப்பது எளிது.

அன்று காலை அவர் கட்டளைகளைக் கணையெனத் தொடுத்துக்கொண்டிருந்த வேளையில், அம்மையார் தலைவாரியபடி வந்து நின்றார்.

"என்னங்க, இன்னிக்குக் குப்பை வண்டி வரும். அந்தப் பையைக் கட்டி வெளிய வெச்சிடுறீங்களா?"

"குப்பைத் தேர் புதனன்றோ வரும்! இன்று வியாழன்! வாயில் அடைபடும் நாளில் வாளேந்திய கையைக் குப்பைக்கு அழையாதே!"

"நேத்து வண்டிச் சத்தமே கேக்கலையே. சரி, நீங்க சொன்னா சரிதான்."

அந்தச் 'சரிதான்' எதில் சேர்த்தி என்பது மணமான யாவருக்கும் தெரியும். வீரர் கவனிக்கவில்லை.

வீரரின் சொந்தக் கணினியில் பொதி முதல் கட்டளையிலேயே உருவாகி ஒளிர்ந்தது. ஆனால் பேரரசின் விதி வேறு. தொலைவிலுள்ள கட்டுமானக் கூடத்தில், துடைத்து வைத்த வெற்றுக் கணினி ஒன்றில், பொதியின் குறிப்பில் கேட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் அது உருவாக வேண்டும். அங்கே நம்மவர் பருப்பு வேகவில்லை. கூடம் செந்நிற எழுத்துகளில் கையை விரித்தது. "என் கணினியில் ஓடுகிறதே!" என்று வீரர் முழங்கினார், பொதிகாரர் குலம் தோன்றிய நாள்தொட்டு முழங்கிவரும் முழக்கம் அது. பின்னர், செவ்வெழுத்துக் காட்டில் வரிவரியாய்ப் புகுந்து, ஐயுற்ற கோப்புகளையெல்லாம் திறந்து மூடி, தம் குலத்தையே ஒருமுறை சபித்து, ஈற்றில் அவர் கண்டறிந்தது யாதெனில், சீட்டில் பார்கோடு எனும் பட்டைக்கோடு வரையும் துணைநிரல் ஒன்றை முன்னொரு காலத்தில் தாமே கையால் நிறுவிவிட்டு, குறிப்பில் எழுத மறந்திருந்தார் என்பதே. எழுதினார். கூடம் பச்சைக்கொடி காட்டியது.

பொதி கோட்டைவாயிலை அடைந்தது. அங்கே உறக்கமும் இரக்கமும் அறியாத சோதனை நிரல் காவல் நின்றது.

"நில்! மாற்றக் குறிப்பில் தேதியும் கிழமையும் பொருந்தவில்லை. வாயில் திறவேன்!"

பொதியின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிழமை, தேதி இட்டுக் குறிப்பெழுதுவது அந்நாட்டு வழக்கம். அதைத் தானே எழுதித் தரும் கருவி உண்டு. நம் வீரரோ கருவியை இகழ்ந்து கைப்பட எழுதுபவர். திரையின் மூலையைப் பார்த்துத் தேதியை எழுதியிருந்தார். கிழமையை நெஞ்சிலிருந்து எழுதியிருந்தார்.

"உணர்வற்ற இரும்பே! கிழமை அறியாதவனோ யான்?" என்று மேசை அதிர முழங்கி, காவலனின் அறியாமையை மெய்ப்பிக்கவென்றே நாட்காட்டியைத் திறந்தார்.

புதன்.

வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் ஒரு நாளை அவர் முன்கூட்டியே வாழ்ந்து முடித்திருந்தார். குறிப்பைத் திருத்தினார். வாயில் திறந்தது. 'ஏற்கப்பட்டது' என்ற சொல் திரையில் எழ, முரசில்லாக் குறையை மேசையில் தட்டித் தீர்த்துக்கொண்டார். உண்மையில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சீட்டுப்பொதி உள்ளே புகுந்தது! நின் விரல் பிழைத்தது!"

"அய்யோ, நெஜமாவா!" கைப்பையும் கையுமாக ஓடிவந்த அம்மையார் திரையைப் பார்த்தார், பூரித்தார். நாட்காட்டியையும் பார்த்தார். தெருவில் வண்டியின் மணி கேட்டது.

"அப்ப, இன்னிக்கு என்ன கிழமைன்னு சொன்னீங்க?"

வீறுகொண்டெழுந்து, குப்பைப் பையை இரு கையாலும் ஏந்தி, ஒரு காலில் தம் செருப்பும் மறுகாலில் மனைவியின் செருப்புமாய், மாடிப்படிகள் அதிர, தெருநாய் வழிவிட, தாடி காற்றில் பறக்கத் தேரின் பின்னே பாய்ந்தார் பொதிகாரர்.

வண்டி போய்விட்டது, இனி அடுத்த புதன்தான் வரும்.