வலது இடுப்பு, நடு வயிறு, இடது கணுக்கால்

கண்ணாடியில் பார்த்தபோது டெல்பர்ட் ஹாஸ்கின்ஸின் வலது இடுப்பில் ஓர் ஆரஞ்சுப்பழம் முளைத்திருந்தது. சட்டையை வெளியே இழுத்துவிட்டார். பழம் கொஞ்சம் பெரிதானது. மூச்சைப் பிடித்து வயிற்றை ஒடுக்கினார். வயிறு ஒடுங்கியது, பழம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

“பாத்ரூம்லயே குடித்தனம் நடத்தறதா உத்தேசமா? சர்ச்சுக்கு நேரமாச்சு!” என்று வெளியே இருந்து அவர் மனைவி வாண்டா குரல் கொடுத்தாள்.

“ரெண்டே நிமிஷம்!”

பழம் என்பது ஐந்து குண்டு போடும் குட்டி ரிவால்வரின் உருளை. வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. “உடம்போட ஒட்டிக்கிட்டுக் கிடக்கும் சார், பெத்த தாய்க்கே தெரியாது” என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். தாய்க்குத் தெரியாதோ என்னவோ, கண்ணாடிக்கு நன்றாகவே தெரிந்தது.

மெஸ்கீட் வெல்ஸ் ஊரில் கடைசியாக நடந்த பெருங்குற்றம் மூன்று வருஷத்துக்கு முந்தையது. யாரோ ஒருவன் ஒரு வண்டியிலிருந்து இரண்டு தர்ப்பூசணிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவனே வந்து, பழுக்கவில்லை என்று ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். டெக்சாஸில் இவ்வளவு பயங்கரமான ஊரில் ஆயுதமில்லாமல் நடமாடுவது எப்படி?

உண்மையில் டெல்பர்ட்டைத் துப்பாக்கி வாங்க வைத்தது திருடன் அல்ல, காபி. மின்சாரக் கம்பெனியில் மீட்டர் படிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தினமும் காலையில் பெட்ரோல் பங்கில் இரண்டு சிநேகிதர்களோடு உட்கார்ந்து காபி குடிப்பது அவருடைய முழுநேர உத்தியோகம். ஒருவன் ஆர்லிஸ், மாட்டு வைத்தியன், ரிவால்வர் கட்சி. இன்னொருவன் லானி, டயர் கடை வைத்திருப்பவன், பிஸ்டல் கட்சி.

“ரிவால்வர்ல கெட்டுப்போக என்னடா இருக்கு? விசையை இழுத்தா வெடிக்கும். வெடிக்கலையா, மறுபடி இழு. மாட்டுக்கே புரியும்” என்பான் ஆர்லிஸ்.

“அஞ்சு போட்டு முடிச்சதும்? வந்தவன்கிட்ட ‘கொஞ்சம் இருப்பா, ரொப்பிக்கிறேன்’னு சொல்லுவியா? பிஸ்டல் தட்டையா இருக்கும். பத்து குண்டு பிடிக்கும். இடுப்புல இருக்கறதே தெரியாது.”

“பத்துல ரெண்டாவது குண்டே சிக்கிக்கும். அப்புறம் அதைக் கழட்டி அவன் மேல வீச வேண்டியதுதான்.”

“உன் ரிவால்வர் விசையை இழுக்க ரெண்டு ஆள் வேணும்டா!”

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் டெல்பர்ட்டைப் பார்ப்பார்கள். “இவன்கிட்ட என்ன கேக்கறது, இவன் வீட்ல கவண்கூடக் கிடையாது” என்று சிரிப்பார்கள். கட்சியில்லாத மனிதனை யார்தான் மதிக்கிறார்கள்?

வீட்டில் துப்பாக்கி இல்லாததற்குக் காரணம் வாண்டா. ஒன்பது வருஷத்துக்கு முன் டெல்பர்ட் ஆணி அடிக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்துப் பின்வாசல் படியைப் பழுது பார்த்தபோது, தன் பூட்ஸையும் சேர்த்துப் படியோடு அடித்துவிட்டார். பூட்ஸுக்குள் கால் இருந்தது. மயிரிழையில் விரல் தப்பியது. அதற்கும் முன்னால் ஒருமுறை புறா வேட்டைக்குப் போய், மாமனார் வண்டியின் ரேடியேட்டரைச் சுட்டு வீழ்த்தியிருந்தார். புறா அந்தப் பக்கமாகப் பறந்ததற்குத் தான் எப்படிப் பொறுப்பாக முடியும் என்பது அவர் வாதம்.

“இந்த வீட்டுக்குள்ள துப்பாக்கி வர்ற அன்னைக்கு நான் அமரில்லோவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்” என்று வாண்டா அன்றே சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிற பெண். சிகரெட்டையும் அப்படித்தான் ஒரே நாளில் விட்டாள்.

முப்பத்தாறு வருஷ தாம்பத்யம். வாண்டா இல்லாவிட்டால் டெல்பர்ட்டுக்குத் தன் காலுறை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதே தெரியாது. அதைவிட, அவள் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூட இருக்க அவருக்கு மனசு வராது. ஆகவே அறுபது மைல் தள்ளி ஒரு கடைக்குப் போய், ரகசியமாக வாங்கி வந்தார். டெக்சாஸ்காரனிடம் மூன்று விஷயம் கேட்பது நாகரிகமில்லை: எத்தனை மாடு, யாருக்கு ஓட்டு, சட்டைக்குள் என்ன. அந்த நாகரிகத்தை நம்பித்தான் அவர் குளியலறைக் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

சர்ச் வாசலில் மிஸ் ஓப்பல் நின்றிருந்தாள். எண்பது வயது. சபையின் ஜெபச் சங்கிலிக்குத் தலைவி. அவள் ஒரு வீட்டுக்குப் போன் செய்தால் கால் மணி நேரத்தில் நாற்பது வீடு முழங்காலில் நிற்கும்.

“என்னப்பா டெல்பர்ட், வலது கை இடுப்போடயே ஒட்டிக்கிட்டிருக்கு?”

“ஒண்ணுமில்ல மிஸ் ஓப்பல். சின்னதா ஒரு பிடிப்பு.”

கிழவி அவர் இடுப்பைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு வாண்டாவைப் பார்த்தாள்.

“பிடிப்பா? சரிப்பா. ஜெபம் பண்ணிக்கிறோம்.”

“சின்னதுதாங்க, இதுக்கு எதுக்கு…”

“சின்னதோ பெருசோ, நாங்க பண்ணிக்கிறோம். நீ குனியாத. எதையும் எட்டி எடுக்காத. கடைசி பெஞ்சுல கதவோரமா மெதுவா உக்காரு.”

அன்று கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து, அவருக்குத் தாராளமாக இடம் விட்டு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கியது. என்ன அன்பான ஜனங்கள்!

புதன்கிழமை வந்த சபைத் தாளில், ஜெபிக்க வேண்டியவர்கள் பட்டியலில் முதல் வரி அவருடையது. ‘டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் – வலது இடுப்பு.’ சாப்பாடும் வரத் தொடங்கியது. கோழியும் சீஸும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்த கேசரோல்கள், தட்டுத் தட்டாக. கொண்டு வந்தவர்கள் யாரும் உள்ளே வரவில்லை. வாசலில் வைத்து, ஹாரனை அடித்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். இடுப்புப் பிடிப்பு ஒட்டிக்கொள்கிற வியாதியா என்று டெல்பர்ட்டுக்குக் கொஞ்சம் வருத்தம்.

வாண்டாவும் தலையணையோடு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். “நோயாளிக்குத் தூக்கம் முக்கியம்” என்றாள்.

கோளாறு ரிவால்வரின் தடிமனில் இருக்கிறது, லானி சொன்னதுதான் சரி என்று டெல்பர்ட் மறுபடி அறுபது மைல் ஓட்டினார்.

“இது பெருசா தெரியுது. தட்டையா ஒரு பிஸ்டல் குடு.”

“நான் அன்னைக்கே சொல்லலாம்னு நெனச்சேன் சார்.”

“சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேக்கலையே சார்.”

ரிவால்வரைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரன் மறுத்துவிட்டான். கடையை விட்டு வெளியே போனால் பழசாம். பிஸ்டல் உண்மையிலேயே தட்டைதான். ஆனால் முதல் குண்டை ஏற்ற, மேல்மூடியைப் பின்னால் இழுக்க வேண்டும். அதன் ஸ்பிரிங்கை இழுக்கக் கன்றுக்குட்டியைத் தொழுவத்துக்கு இழுக்கிற பலம் வேண்டியிருந்தது. மூன்றாவது இழுப்பில் மூடி பின்னால் வந்தது. டெல்பர்ட்டின் கட்டைவிரல் சதையையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனது.

“பழகிடும் சார்” என்று பேண்டேஜ் ஒட்டிக்கொண்டே கடைக்காரன் சொன்னான். “இதை முன்பக்கம், வயித்துல சொருகிக்கங்க. இப்ப எல்லாரும் அங்கதான்.”

“குழல் எந்தப் பக்கம் பாக்கும்?”

“கீழ.”

“கீழன்னா?”

“அதைப் பத்தி நினைக்காம இருந்தா போதும் சார்.”

நினைக்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. உட்கார்ந்தால் பிடி விலா எலும்பில் குத்தியது. குனிந்தால் குழல் வேறிடத்தில் குத்தியது. பெட்ரோல் பங்கில் டெல்பர்ட் நாற்காலியில் பலகை மாதிரி சாய்ந்துகொண்டு காபி குடித்தார். கரண்டி கீழே விழுந்தது. எடுக்கப் போனார்.

“தொடாத!” என்று ஆர்லிஸும் லானியும் ஒரே குரலில் அலறினார்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் அன்றுதான் ஒத்துப்போனார்கள். லானி தரையில் மண்டியிட்டுக் கரண்டியை எடுத்துக் கொடுத்தான். ஆர்லிஸ் தன் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டான்.

“நீ அசையாம இருடா. உனக்கு என்ன வேணுமோ நாங்க எடுத்துத் தர்றோம்” என்றான்.

அந்த வாரத் தாளில் வந்தது: ‘டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் – நடு வயிறு.’

வியாதி நகர்கிறது என்று ஊர் புரிந்துகொண்டதாக டெல்பர்ட் புரிந்துகொண்டார். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அமரில்லோ. அதனால் பிஸ்டலை இடது கணுக்காலில், பூட்ஸுக்குள் கட்டிக்கொண்டார். இடுப்பும் வயிறும் விடுதலையாகின. நடைதான் போயிற்று. ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்து அவர் நடந்த அழகைப் பார்த்து எதிரே வந்தவர்கள் சாலையின் மறுபக்கம் போனார்கள்.

‘டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் – இடது கணுக்கால்’ என்றது மூன்றாம் தாள். பெரிய ஆஸ்பத்திரியில்கூட இத்தனை துல்லியமாகச் சொல்லமாட்டார்கள்.

மிஸ் ஓப்பல் போன் செய்து ஜெபித்தாள். “ஆண்டவரே, டெல்பர்ட் விஷயத்துல ஒருத்தருக்கும் ஒரு குறையும் வராம இந்த வாரத்தையும் கடத்திவிடும்.” டெல்பர்ட் ஆமென் சொன்னார். கேசரோல் தின்று தின்று நாலு கிலோ ஏறியிருந்தது. இந்த ஜனங்களை ஏமாற்றி உடம்பை வளர்க்கிறோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது.

இதற்கிடையில் வீட்டில் கிடந்த ரிவால்வர் வேறு உயிரை வாங்கியது. அதை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். அன்றைக்கே வாண்டாவுக்கு ரொட்டி சுடும் ஆசை வந்தது. அவள் வெண்ணெய் எடுக்கத் திரும்பிய நொடியில் மாவோடு மாவாக அதை அள்ளிக்கொண்டு ஓடி, ஃப்ரீசரில் மான்கறிக்கு அடியில் திணித்தார். சனிக்கிழமை காலை வாண்டா கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“ஃப்ரீசரைக் காலி பண்ணப் போறேன். அப்புறம் பரண், கராஜ், உன் டூல் பாக்ஸ். வீடு மொத்தத்தையும் சுத்தம் பண்ணனும்.”

“இப்ப என்ன அவசரம்?”

“மனசுக்குத் தோணிச்சு.”

கூடத்தில் அவளுடைய சூட்கேஸ் நின்றது.

“பெட்டி எதுக்கு?”

“அதுபாட்டுக்கு இருக்கு.” வாண்டா அவரை நேராகப் பார்த்தாள். “டெல்பர்ட், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

“என்ன சொல்லணும்?”

“ஏதாவது. நாளைக்கு வரைக்கும் பாக்கறேன்.”

பாவம், உயிலைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து டெல்பர்ட் உருகிப்போனார்.

வீட்டில் இனி ஒளிக்க இடமில்லை. மிச்சமிருந்தது அவருடைய உடம்பு மட்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிஸ்டல் கணுக்காலிலும் ரிவால்வர் இடுப்பிலுமாக, மேலே குளிர்காலக் கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, நல்ல வெயிலில் சர்ச்சுக்குப் போனார். ரிவால்வரா பிஸ்டலா என்று உலகமே அடித்துக்கொண்டிருக்க, அவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லாமல் போயிற்று.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் தொண்டையைச் செருமினார்.

“சகோதரர் டெல்பர்ட்டை முன்னால கூப்பிட்டு, எல்லாருமா அவர் மேல கை வச்சு ஜெபிக்கலாம்னு இருக்கோம். சகோதரரே, அந்தக் கோட்டையும் பூட்ஸையும் அங்கயே கழட்டி வச்சிட்டு வாங்க.”

டெல்பர்ட்டுக்கு வியர்த்தது. “போட்டுக்கிட்டே வர்றேனே?”

“கழட்டிட்டே வாங்க. மெதுவா. ரொம்ப மெதுவா.”

ஆர்லிஸ் ஒரு பக்கம், லானி மறுபக்கம் வந்து நின்று, உடம்பைத் தள்ளி வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினார்கள். முன்வரிசையில் இருபது கைகள் தயாராக இருந்தன. கோட் போனால் இடுப்பு. பூட்ஸ் போனால் கால். எது போனாலும் வாண்டா. டெல்பர்ட் மூன்றாவது பெஞ்சில் இருந்த அவளைப் பார்த்தார். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்தது உடைந்தது.

“எனக்கு வியாதியே இல்ல!” என்று கத்தினார். “இடுப்புல துப்பாக்கி. கால்ல துப்பாக்கி. எல்லாரையும் ஏமாத்திட்டேன். உங்க சாப்பாட்டைத் தின்னேன், உங்க ஜெபத்தை வாங்கிக்கிட்டேன். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. வாண்டா, நீ மட்டும் அமரில்லோ போயிடாத! நீ இல்லாம என்னால முடியாது. இந்த ரெண்டையும் இப்பவே குளத்துல போட்டுடறேன்!”

சர்ச்சில் யாரும் திகைக்கவில்லை என்பதைக் கவனிக்கிற நிலைமையில் அவர் இல்லை. வாண்டா இரண்டு விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். மிஸ் ஓப்பல்தான் கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

“ரெண்டா? வாண்டா, நீ ரெண்டுன்னு சொல்லவே இல்லயேடி! ஒரு துப்பாக்கிதான்னு நம்பித்தானே, இவன்கிட்டேர்ந்து எங்க உசுரைக் காப்பாத்தும் ஆண்டவரேன்னு மூணு வாரமா இந்தச் சபையே ஜெபம் பண்ணிட்டிருக்கு!”