மாமியாரைத் திருடியவன்

அன்செல்ம் திருடனாவது என்று முடிவு கட்டிவிட்டான். சும்மா திருடன் இல்லை. கனவான் திருடன்! பட்டுத் தொப்பி, வெள்ளைக் கையுறை, திருடிய இடத்தில் ஒரு ரோஜா. வாராவாரம் பத்திரிகைத் தொடரில் அப்படி ஒருத்தன் வந்து பிரான்சின் ரூவான் நகரத்தையே கிறுக்காக்கிக்கொண்டிருந்தான். ரொட்டிக்கடை வரிசையில் பெண்கள் அவனைச் சொந்தத் தம்பி மாதிரி பேசினார்கள்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தக் களவாணிகிட்ட?" என்று ஒருநாள் மனைவி சிதோனியைக் கேட்டான்.

"அவன் வணக்கம் சொல்லிட்டு எடுக்கறான். வீட்டுல இருக்கிறவங்க கேக்காமலே எடுக்கறாங்க."

அன்செல்ம் திருட நினைத்தது நகையை அல்ல. சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே மாட்டியிருந்த மாமியார் படத்தை. பாலாடைக்கட்டியில் இரண்டாவது துண்டுக்கு அவன் கை நீண்டால் போதும், படத்தின் கண்ணும் கூடவே நீளும். கல்யாணமான நாளிலிருந்து அவன் நிம்மதியாக ஒரு கவளம் விழுங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிதோனி கோயிலுக்குப் போனாள். இவனுக்கு மட்டும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவள் தலை மறைந்ததும் இடுப்பு விட்டது. கனவான் திருடன் வாசல் வழியாக வரலாமா? கொட்டும் மழையில் தோட்டத்துக்குப் போய், சேற்றை மிதித்து, ஜன்னல் ஏறிக் குதித்தான். அந்த வீட்டில் மெழுகு தேய்த்த மரத்தரையை யாரும் மிதிக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு கம்பளித் துண்டில் ஏறி வழுக்கிக்கொண்டேதான் போகவேண்டும். சிதோனி போட்ட சட்டம். அன்செல்ம் குதித்ததே அந்தத் துண்டுகள் மேல்தான். வழுக்கிப் போய், படத்தைக் கழற்றி, மாமியாருக்கு ஒரு வணக்கம் போட்டு, அடுப்புக்கரி கொட்டி வைக்கும் கரிக்குழிக்குள் இறக்கினான். மேசையில் ரோஜாவை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

"என்னங்க! அம்மாவைக் காணோம்!"

"ஐயோ! ரோஜா வேற கிடக்கு! அவன்தான்!"

சிதோனி சுவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அவள் உதடு லேசாகத் துடித்தது.

"என்ன நாசூக்கு! எதுவும் கலையலை பாருங்க."

"போலீசுக்குப் போய்ப் பிரயோசனமில்லே. அவனை யாரும் பிடிச்சதே இல்லே."

"வேண்டாம்தான். அம்மாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை எழுதிப் போடறேன்."

நாலு நாள் அன்செல்ம் ராஜாவாகச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை வாசலில் குதிரைவண்டி நின்றது. பெட்டி, இன்னொரு பெட்டி, தொப்பிப் பெட்டி, அப்புறம் முகமெல்லாம் பவுடர் பூசிய மாமியார் ஒர்த்தான்ஸ்.

"மாப்பிள்ளை, அந்த ரோஜா எங்கே?"

"வாடிப்போச்சு, அத்தை."

"பரவாயில்லே. வெறும் படத்தையே விடாதவன் நேர்ல பார்த்தா விடுவானா? அவன் திரும்பி வர்ற வரைக்கும் இங்கேதான் இருக்கப் போறேன். நாற்காலியை அந்த ஆணிக்குக் கீழே போடுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க!"

அன்செல்ம் சமையலறைக்கு ஓடினான். "சிதோனி! உங்கம்மா எத்தனை நாள் இருப்பாங்க?"

"திருடன் வர்ற வரைக்கும்."

"அவன் வரமாட்டான்டி!"

"தெரியுமே. மழையில ஜன்னல் ஏறி வந்தவனோட சேறு தரையில ஒரு பொட்டு இல்லே. அத்தனையும் கம்பளித் துண்டுல! பிரான்சு தேசத்துலயே இவ்வளவு பழகின திருடன் ஒருத்தன்தான் இருக்கான். போய் அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன். கரிக்குழியை மறந்துடாதீங்க."

அவன் சொல்லவில்லை. மேசைக்கு வந்து உட்கார்ந்து, பாலாடைக்கட்டிப் பக்கம் கையை நீட்டினான்.

"மாப்பிள்ளை! அது ரெண்டாவது துண்டு!"

படத்துக்குக் கண் மட்டும்தான் இருந்தது.