சான் லாசரோ சாட்சியாகக் கறுப்பு பீன்ஸ்

"என் மாமியார் இந்த வீட்டுப் பின்னறையில் காலெடுத்து வைக்கக் கூடாது!"

இதை எழுந்து நின்று அறிவித்தேன். உட்கார்ந்துகொண்டு சொன்னால் என் மனைவி ஓதிலியாவின் காதில் எதுவும் விழாது.

மாமியார் பாசிலியா தம்பா ஊரில் மகனோடு இருக்கிறார். மகன் வீட்டை விற்கிறானாம். அம்மாவை ஹயலியாவுக்கு, எங்களோடு, அழைத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள் ஓதிலியா. பின்னறையில் நான் டொமினோ ஆடும் மேஜை இருக்கிறது. இதை வெளியே சொல்ல முடியுமா? கௌரவமான காரணம் ஒன்று தயாராக வைத்திருந்தேன்.

"உங்கம்மா தங்கமானவங்க. சமையல்தான் எனக்கு ஒத்துக்காது. உங்க சாந்தியாகோ ஊர்க்காரங்களுக்குச் சிவப்பு பீன்ஸைச் சோத்தோட கிளறத்தான் தெரியும். நான் மத்தான்சாஸ் ஊர்க்காரன். கறுப்பு பீன்ஸ் இல்லாம சோறு இறங்காது. அந்தப் பக்குவம் உங்க ஊர்க் கைக்கு வரவே வராது."

"சரிங்க."

இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படி மறுபேச்சில்லாமல் தலையாட்டியது பாதிரியார் முன்னால் ஒரு தடவைதான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அடுப்பு ரிப்பேர் என்றாள். ரிப்பேர்காரன் வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை மத்தியானச் சாப்பாடு தெருமுனை பெர்னாபே ஓட்டலில். எனக்குக் கசக்குமா? அந்த ஓட்டலில் காலையில் காபி கொடுக்கும் ஜன்னலில் கூட்டம், மத்தியானம் வாசலில் கூட்டம்.

முதல் கரண்டி கறுப்பு பீன்ஸை வாயில் வைத்தேன். கண் கலங்கிவிட்டது. அப்படியே எங்கம்மா கை.

"என்னங்க, சூடா இருக்கா?"

"சூடில்லடி. உள்ளே யாரோ புது ஆள் வந்திருக்கு. பெர்னாபேயோட பழைய ஆளுக்கு இந்த ஜென்மத்துல இது வராது."

பரிமாறும் நேரெய்தாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஆண்கள் எல்லோருமே 'ராசா'தான்.

"நேரெய்தா, உள்ளே யாரு புதுசா?"

"சமைக்கிறவங்க, ராசா."

"எந்த ஊரு?"

"அடுப்புக்குப் பக்கத்து ஊரு. வறுத்த வாழைப்பழம் வைக்கவா?"

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போயிற்று. செவ்வாயன்று பீன்ஸில் கடைசியாக விட்ட வினிகரைக் கண்டுபிடித்தேன். புதனன்று ஒரு சிட்டிகை சர்க்கரை. வியாழனன்று கைகழுவும் சாக்கில் சமையலறைப் பக்கம் மூன்று தடவை நடந்தேன். கதவிடுக்கில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. கெட்டிக்கார முழங்கை. நாலாவது தடவை பெர்னாபே வழிமறித்து, "இலாரியோ, உடம்புக்கு என்ன? டாக்டர்கிட்டக் காட்டினியா?" என்றார் கவலையோடு.

ஓதிலியா தினமும் கேட்டாள். "அப்ப யாரா இருக்கும்ங்கறீங்க?"

கல்யாணமானதிலிருந்து என் அபிப்பிராயத்தை அவள் கேட்டது இந்த ஒரு வாரம்தான். நான் பூரித்துப் போனேன்.

"மத்தான்சாஸ் பொம்பளை. அதுவும் எங்க தெருப் பக்குவம். அடிச்சுச் சொல்றேன்."

"எவ்வளவு நுணுக்கமான நாக்கு உங்களுக்கு!"

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் நிரம்பி வழிந்தது. அடுத்த மேஜையில் என் டொமினோ கூட்டாளிகள் நாலு பேர். தட்டில் பன்றி வறுவல், மரவள்ளி, கறுப்பு பீன்ஸ். ஓதிலியா பெருமூச்சு விட்டாள்.

"இப்படி ஒரு கை நம்ம வீட்டுல இருந்தா எப்படி இருக்கும்?"

"பின்னறையையே காலி பண்ணிக் கொடுத்துடுவேன்!"

"சும்மா அளக்காதீங்க."

"யாரு அளக்கறது?"

"அப்ப சான் லாசரோ மேல சத்தியம் பண்ணுங்க, பாப்போம்."

பெண்டாட்டியிடம் புளுகலாம். வரி ஆபீசிலும் புளுகலாம். நோயாளிகளைக் காக்கும் புனிதர் சான் லாசரோவிடம் எங்கள் ஆட்கள் யாரும் புளுக மாட்டார்கள். அவரிடம் வாக்குக் கொடுத்தவன் முட்டியால் தவழ்ந்து போயாவது நிறைவேற்றுவான். என் சித்தப்பா ஒருவர் வாக்கு மாறி, இரண்டு காலும் பூசணிக்காயாய் வீங்கி மூன்று மாதம் படுத்தார்.

ஆனால் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீர் தம்ளரோடு எழுந்து நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இந்தப் பீன்ஸைச் சமைச்சவங்க யாரா இருந்தாலும் சரி, ஆயுசுக்கும் என் வீட்டுப் பின்னறையில இருக்கலாம். சான் லாசரோ மேல சத்தியம்!"

ஓட்டலே கை தட்டியது. கூட்டாளிகள் பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டார்கள். நேரெய்தா உள்ளே திரும்பி, "பெரியம்மா, சத்தியம் ஆயிடுச்சு! வாங்க!" என்று கத்தினாள்.

கதவு திறந்தது. முதலில் அந்த முழங்கை வந்தது. பின்னாலேயே என் மாமியார், கையில் பெட்டியோடு.

"சௌக்கியமா மாப்பிள்ளை? ஒரு வாரமா நேரெய்தா வீட்டுல சோபாவுல படுத்து இடுப்பு போச்சு. பின்னறையில கட்டில் பெரிசுதானே?"

நான் உட்கார்ந்தேன். கால்கள் வீங்கியிருக்கின்றனவா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"அத்தே... கறுப்பு பீன்ஸ் உங்களுக்கு எப்படி...?"

"எனக்கெங்கே தெரியும்? ஓதிலியாதான் போன்ல சொல்லிக் கொடுத்தா."

ஓதிலியா பக்கம் திரும்பினேன். "உனக்கு யாருடி சொல்லிக் கொடுத்தது?"

"உங்கம்மாதான். கல்யாணமான முதல் மாசமே."

என் நாக்கு பொய் சொல்லவில்லை. அம்மா கையேதான்.

"அடிப்பாவி, அப்புறம் ஏன் ஒரு நாள்கூட எனக்கு வச்சுக் கொடுக்காம டப்பா பீன்ஸையே போட்டே?"

ஓதிலியா தன் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"வச்சேனே. ஒரு தட்டு காலி பண்ணிட்டு, 'பிரமாதம், எந்தக் கடை டப்பா?'ன்னு கேட்டீங்க."