சித்தர் பிழிந்த கொழுப்பு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் விசாரிக்கப் பொறுமை கிடையாது, செல்போனில் எவன் எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு ஓடுகிறார்கள் என்று ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் கொழுப்பு சித்தரைப் பார்க்கும் வரிசையில் நின்றபடி எரிந்து விழுந்தார் பச்சையப்பன். அவரும்தானே நிற்கிறார் என்று கேட்காதீர்கள். அவர் விசாரிக்க வந்தவராம். விடிவதற்குள் வந்து, முன்னால் இடம் பிடித்து விசாரிக்கிறார்.

தோல் பதனிடும் டேனரியில் மாட்டுத்தோல் சுரண்டியே கிழவனானவர். புகையிலை அடக்கி அடக்கி நாக்கோரம் புற்று, கழுத்தில் கட்டி. ஆபரேஷனையும் கதிர்வீச்சுக் கரண்டு வைப்பதையும் தள்ளிப்போட்டால் தொண்டை அடைத்துவிடும் என்று வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். நெஞ்சு வலிக்காக இவர் விழுங்கும் கொலஸ்ட்ரால் மாத்திரை, புற்றோடு சண்டை போடும் எதிர்ப்பு சக்திக்கும் ஒத்தாசை பண்ணுமா என்று ஆராய்ச்சி நடப்பதாகவும் சொன்னார். பண்ணுமா பண்ணாதா என்று மடக்கினார் பச்சையப்பன்.

"இன்னும் உறுதியா தெரியலைங்கய்யா."

தெரியாதாமே. படித்தவங்களுக்கே தெரியாத இடத்தில் இவருக்கு என்ன வேலை? எழுந்து வந்துவிட்டார்.

கொழுப்பு சித்தருக்கோ எல்லாம் தெரியும். கொழுப்புதான் கேன்சர் என்று டாக்டர்களே ஒத்துக்கொண்டார்களாம். அவர்கள் மாத்திரையால் கரைப்பதை இவர் கையாலேயே எடுத்துவிடுவாராம். தன் துண்டைக் கழுத்தில் போட்டுப் பிழிவார். வெள்ளையாகக் கொழுப்பு தட்டில் விழும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பச்சையப்பனுக்குக் கைநிறைய விழுந்தது. கட்டியே கரைந்த மாதிரி இருந்தது அவருக்கு. கூட வந்திருந்த மனைவி முனியம்மாவுக்கு மட்டும் மூக்கு சுருங்கியது.

"இன்னாய்யா, நீ டேனரிக்குப் போட்டுனு போவியே, அந்த சட்டை நாத்தம் அடிக்குது."

அவருக்கு அடிக்கவில்லை. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே என்றைக்கோ செத்துப்போன மூக்கு அது. முனியம்மா காணிக்கைத் தட்டிலிருந்து மஞ்சள்பொடியைக் கிள்ளி, கொழுப்பின் மேல் வைத்துத் தேய்த்தாள். ஆரத்தி கரைத்தாற்போல் சிவந்தது.

"நோயோட ரத்தம், தாயே" என்றார் சித்தர்.

"மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும். ஆரத்தி கரைக்கிற எனக்குத் தெரியாதா? இது சுண்ணாம்புல ஊறவெச்ச தோல்லருந்து சுரண்டுன மாட்டுக் கொழுப்பு."

அப்போதும் பச்சையப்பன் விடவில்லை. ஆயுசுக்கும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய வாய், அதுகூட ஊறி வந்திருக்கலாம் என்று சித்தருக்காக வாதாடினார். முனியம்மா துண்டைப் பிடுங்கி உதறினாள். உள்ளே தைத்திருந்த பையிலிருந்து மிச்சக் கொழுப்பு சித்தர் மடியிலேயே விழுந்தது.

கூட்டத்தில் பாதி, செருப்பைத் தேடியது. எதற்கென்று சித்தருக்குப் புரிந்தது, ஓடினார். மீதிப் பாதி, அடுத்த சித்தர் எங்கே என்று போனில் தேடியது.

காலமெல்லாம் தன் கையால் சுரண்டித் தள்ளிய சவ்வுக் கொழுப்பையே கும்பிட்டுவிட்டு வந்த பச்சையப்பன் முணுமுணுத்தார்: "மாட்டைக்கூட செத்தப்புறம்தான் உரிச்சோம். நான் உசுரோடவே கழுத்த நீட்டிட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றாள் முனியம்மா.

"போலாம். ஆனா அந்தம்மாவையும் நான் நம்பல."

"நம்பாத. கேளு. தெரியாதத தெரியாதுன்னு சொன்ன ஒரே ஆளு அவங்கதான்."

பச்சையப்பன் பஸ் ஸ்டாப்புக்கு விறுவிறுவென்று நடந்தார். வந்து நின்ற பஸ்ஸில் வேலூர் என்று பெரிதாக எழுதியிருந்தது. அப்படியும் கண்டக்டரிடம், இது நிஜமாகவே வேலூர்தான் போகிறதா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, அரைமனதாகத்தான் ஏறினார்.

பஸ்ஸில் ஏற இரண்டு தரம் கேட்கிறோம் அய்யா. கழுத்தை நீட்டும்போதுதான் கேட்பதில்லை.