மூணு நாள் லீவுக்கு மூணு பக்க மனு

அக்கா கல்யாணத்துக்கு மூணு நாள் லீவு கேட்கணும். அன்னிக்கு வேலை அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி டவுன் காலேஜில் முதல் வருஷம் சேர்ந்திருந்தேன். நான் வாயைத் திறந்தாலே முன் பெஞ்சு சிரிக்கும். அதனால் எதையும் எழுதியே கேட்பேன்.

ஆபீஸில் லீவு லெட்டரை நீட்டினேன். கிளார்க் ஒரு வரி படித்தார்.

"இன்னாப்பா, பேசற மாதிரியே எழுதிக்கிற? நல்ல தமிழ்ல எழுதி எடுத்துனு வா."

நல்ல தமிழ் எங்கே கிடைக்கும் என்று எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும். போளூர் தாலுகா ஆபீஸ் வாசல். பட்டா கேட்டாலும், காட்டில் மேய்ந்த மாட்டை ஃபாரஸ்ட் கார்டு பிடித்தாலும், அங்கே மனு எழுதுபவரிடம்தான் போவோம்.

பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"யாருக்குய்யா மனு?"

"பிரின்சிபாலுக்குங்க. அக்கா கல்யாணம், லீவு வேணும்."

"சரி, குந்து."

அவர் கை தானாக ஓடியது. மூணு பக்கம். ஸ்டாம்ப் ஒட்டினார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்வதற்குள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கிவிட்டார்.

படித்துப் பார்த்தேன். பாதி புரியவில்லை. நல்ல தமிழ்தான் என்று நிம்மதியாகிவிட்டது.

கிளார்க் இந்த முறை எழுந்து நின்று படித்தார்.

"மேற்படி கல்யாணத்துக்கு நாலு எல்லை போட்டுக்கிதே. கிழக்கே ஓடை, மேற்கே ரிசர்வ் காடுன்னு."

"ஆமாங்க சார். அங்கதான் பந்தலு."

"ஸ்டாம்ப் ஒட்டின மனுவுக்கு நான் பதில் சொல்ல முடியாதுப்பா. விசாரணைக்குப் போவணும். அதுவரைக்கும் நீ ஆஸ்டலை வுட்டு நகரக் கூடாது."

"அப்ப பழைய லெட்டரையே வச்சுக்கங்க சார்."

"அதான் நல்ல தமிழ் இல்லியே."

கல்யாணத்தன்று ஆஸ்டலில் உப்புமா சாப்பிட்டேன்.

பரீட்சை லீவில் ஆஸ்டலைப் பூட்டியதும் மலை ஏறினேன். அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா வரல?"

"மனு போட்டிருந்தேன்க்கா."

"வர்றதுக்கா, வராம இருக்கறதுக்கா?"



அக்கா மகனுக்கு மொட்டை போட்ட வாரம் ஆர்டர் வந்தது. மனு பரிசீலிக்கப்பட்டு மூன்று நாள் விடுப்பு அனுமதிக்கப்படுகிறது என்று, நல்ல தமிழில்.

அதற்குள் நான் காலேஜை விட்டு நைட் வாட்ச்மேன் ஆகியிருந்தேன். நல்ல தமிழையெல்லாம் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்துதான் நானாகப் படித்தேன்.

அந்த மூணு நாளை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.