மென்டோனில் ஒரு மத்தியதரைக்கடல்

விமானம் கிளம்பிப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதில் உட்கார்ந்திருக்க வேண்டிய செந்தில்நாதன், மெல்பர்னின் கிரான்பர்னில் தன் வீட்டுக் கதவுக்கு முன்னால், கழுத்தில் ரோஜா மாலையோடு நின்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"முதல்ல மாலையைக் கழட்டுங்க. யாராச்சும் பாத்துத் தொலைக்கப் போறாங்க," என்றாள் மனைவி நாகலட்சுமி.

நடந்தது இவ்வளவுதான். செந்தில்நாதனின் பாஸ்போர்ட் காலாவதியாக இரண்டு மாதம்கூட இல்லை. ஐரோப்பாவுக்குள் நுழைய அது போதாது என்று விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டாள். இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து தெற்கே போகும் ரயிலில் கடல் வலப்பக்கம் வரும், இடப்பக்கம் உட்கார்ந்தவன் மலையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான் என்பது வரைக்கும் ஒரு வருஷம் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்ட மனிதர், தன் பாஸ்போர்ட்டைத் திறந்து தேதியைப் பார்க்கவில்லை.

"என்னோடது நல்லாத்தானே இருந்துச்சு. நான் மட்டும் போயிருக்கலாம்," என்றாள் நாகலட்சுமி. டாக்சியிலும் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடிய விஷயம்தான். விடமுடியாமல் செய்தது தமிழ்ச் சங்கம். சங்கத் தலைவர் பாலகிருஷ்ணன் போன வருஷம் மனைவியோடு கிரீஸ் தீவுகளுக்குப் போய்வந்து காட்டிய படங்களில் சங்கமே சொக்கிப்போயிருந்தது. அது பொறுக்காமல் செந்தில்நாதன் பொங்கல் விழா மேடையில் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"கப்பல்ல போய் எறங்கி நாலு போட்டோ எடுத்துட்டு வர்றதெல்லாம் ஒரு பயணமா? மத்தியதரைக்கடலை ரயில்ல போய்ப் பாக்கணும். ஊர் ஊரா எறங்கிப் பாக்கணும். ஜூலைல நான் போறேன், வந்து சொல்றேன்."

அதைக் கேட்ட பாலகிருஷ்ணன் இன்று காலை விமான நிலையத்துக்கே வந்து, மாலை போட்டு, படம் எடுத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் போனார். இனி, போகவில்லை என்று சொன்னால் சங்கத்தில் ஒரு வடையைக்கூடத் தலை நிமிர்ந்து கடிக்க முடியாது. எனவே சொல்வதில்லை என்று செந்தில்நாதன் முடிவு செய்தார்.

காரை கராஜுக்குள் விட்டார்கள். திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். மறுநாள் போன் சிணுங்கியது. பாலகிருஷ்ணன்தான்.

"தம்பி, போய்ச் சேந்திட்டியளோ?"

"சேந்துட்டோம் அண்ணே," என்று சோபாவில் படுத்தபடி பதில் அனுப்பினார் செந்தில்நாதன். "கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கடல்."

"அப்ப ஒரு படம் போடுங்கோவன். சனம் பாத்துக்கொண்டு இருக்கு."

படத்துக்கு எங்கே போவது? இணையத்திலிருந்து எடுத்தால் அதில் இவர்கள் முகம் இருக்காது. செந்தில்நாதன் யோசித்தார். "பிரைட்டன் பீச்சுக்குப் போவோம். கலர் கலரா குடிசை வெச்சிருக்கான், அச்சு அசல் இத்தாலி."

"அந்தக் குடிசை முன்னாடி மொத பிறந்தநாள் போட்டோ எடுக்காத தமிழ்க் குழந்தை இந்த ஊர்ல இருக்கா? பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவாங்க," என்றாள் நாகலட்சுமி.

கடைசியில் கால்ஃபீல்டில் ரயில் மாறி மொர்டியலாக்குக்குப் போனார்கள். அங்கே ஓடை கடலில் கலக்கும் இடத்தில் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் இத்தாலியில் அது கொளுத்தும் கோடை, மெல்பர்னில் எலும்பை நடுக்கும் குளிர்காலம். செந்தில்நாதன் ஜாக்கெட்டைக் கழற்றி அரைக்கைச் சட்டையோடு நின்றார். நாகலட்சுமி பூப்போட்ட பருத்திச் சுடிதாரும் கூலிங்கிளாஸும் போட்டுக்கொண்டாள். தெற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது.

"கொஞ்சம் சிரி."

"பல்லு தானா அடிச்சுக்குது. சிரிக்கிறேன்னு நெனச்சுக்குவாங்க, எடுங்க."

படம் போன கையோடு பாலகிருஷ்ணனின் கேள்வி வந்தது. "நல்ல வடிவு. ஆனா அங்க இப்ப விடியச்சாமம் நாலு மணியெல்லோ தம்பி? வெயில் எறிக்குது?"

செந்தில்நாதனுக்குக் குளிரிலும் வியர்த்தது. "நேத்து எடுத்தது அண்ணே."

"நேற்று நீங்கள் விமானத்துக்குள்ள எல்லோ இருந்தனீங்கள்?"

போன் நேரத்தைக் குழப்பிவிட்டது, ஹோட்டல்காரன் கூப்பிடுகிறான் என்று என்னென்னவோ எழுதி அன்றைக்குத் தப்பித்தார். இதற்கு ஒரு பதிலடி கொடுத்தே தீரவேண்டும் என்று அவர் மண்டை குடைந்தது. வரும் வழியில் ரயில் நின்ற ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகை நினைவுக்கு வந்ததும் துள்ளி எழுந்தார். மென்டோன். பிரான்சின் கடற்கரையில் இருக்கும் ஊரின் பெயரைத்தான் இந்தப் புறநகருக்கும் வைத்திருக்கிறார்கள். பலகையே சாட்சி சொல்லும்போது பாலகிருஷ்ணன் என்ன செய்துவிட முடியும்?

மறுநாள் பலகைக்குக் கீழே நின்று எடுத்த படத்தை, நேரம் பார்த்து, சாயங்காலம் அனுப்பினார். 'இத்தாலி எல்லையைத் தாண்டி மென்டோன் வந்துவிட்டோம்' என்று ஒரு வரியும் சேர்த்தார். குழுவில் கைதட்டல் மழை. கொஞ்ச நேரம் கழித்துப் பாலகிருஷ்ணன் வந்தார்.

"அருமை தம்பி. உங்கட தோளுக்குப் பின்னால நிக்கிறது மைகி மெசின் எல்லோ?"

பெரிதாக்கிப் பார்த்தார். மெல்பர்னில் டிக்கெட் அட்டையைத் தொடும் அதே இயந்திரம், பச்சை வெளிச்சத்தோடு சுகமாக நின்றுகொண்டிருந்தது.

"இங்கயும் அதே கம்பெனிதான் போல அண்ணே," என்று குரல் பதிவு அனுப்பினார். அனுப்பும்போது அடுக்கடுக்காகத் தும்மல் வந்துவிட்டது.

"என்ன தம்பி, தடிமனோ? கோடைக்குள்ள?"

"வெயில் ஒத்துக்கல அண்ணே."

இதற்கு நடுவில் நாகலட்சுமிக்கு மட்டும் இந்தக் கூத்து பிடித்துப்போய்விட்டது. எடித்வேல், செல்சி, கேரம் என்று நாளுக்கு ஓர் ஊராக இறங்கிப் பார்த்தாள். பத்து வருஷமாக இதே ஊரில் இருந்தும் இந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. வலப்பக்க ஜன்னலில் வீடுகளுக்கு இடையே கடல் எட்டிப் பார்த்து மறையும்போதெல்லாம் குழந்தை மாதிரி விரலை நீட்டினாள். செந்தில்நாதனால்தான் ரசிக்க முடியவில்லை. அவர் கண் முழுக்கப் படத்தில் மைகி மெஷின் விழுகிறதா என்பதிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை பாலகிருஷ்ணனே அழைத்தார்.

"தம்பி, நாளைக்குச் சங்கத்தின்ர குளிர்கால ஒன்றுகூடல். நாலு மணிக்கு உங்களை நேரலையாப் பெரிய திரையில போடுறம். ஒரு இத்தாலிக்காரரையும் பக்கத்தில வெச்சு ரெண்டு வார்த்தை கதைக்கப் பண்ணுங்கோ."

"ஆள் கெடைக்கிறது கஷ்டம் அண்ணே."

"இத்தாலியிலயோ?"

போனை வைத்துவிட்டுச் செந்தில்நாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "காய்ச்சல்னு சொல்லிருங்க," என்றாள் நாகலட்சுமி.

"சொன்னா எந்த ஆஸ்பத்திரின்னு கேப்பாரு. அந்த ஆளு போலீஸ்ல இருந்திருக்கணும்."

மொர்டியலாக்கில் குளிர் தாங்காமல் இவர்கள் தினமும் போய் ஒதுங்கும் காபிக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ரென்சோ, வெள்ளை மீசைக்காரர். பிறந்தது மெல்பர்னின் கார்ல்டனில் என்றாலும் அப்பா அம்மா சிசிலியிலிருந்து வந்தவர்கள். சனிக்கிழமை மதியம் அவர் முன்னால் போய் நின்று, மென்று விழுங்கி, செந்தில்நாதன் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது காதெல்லாம் சிவந்துவிட்டது.

ரென்சோ சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றரை மணிக்கே கடையை மூடிவிட்டு அவரே வேலையில் இறங்கினார். டாலர் விலை எழுதிய பலகையைத் திருப்பி வைத்தார். சுவரில் தொங்கிய கால்பந்துக் குழுவின் கழுத்துத்துணியை எடுத்து உள்ளே வீசினார். "ஜன்னல் பக்கம் வேண்டாம், கார் நம்பர் பிளேட் தெரியும்," என்று இருவரையும் உள்மூலைக்கு நகர்த்தி உட்காரவைத்தார். ஒரு வாரம்கூட முழுசாகப் பழகாதவர்களுக்கு ஒரு மனிதர் இவ்வளவு செய்வாரா என்று செந்தில்நாதனுக்குக் கண் கலங்கியது.

அழைப்பு வந்தது. திரையில் சங்கத்தின் மண்டபம், வரிசை வரிசையாகத் தெரிந்த முகங்கள், தட்டில் வடைகள். எல்லோரும் கை தட்டினார்கள். ரென்சோ இரண்டு கைகளையும் காற்றில் வீசி இத்தாலிய மொழியில் பொரிந்து தள்ளினார்.

"தமிழ்க்காரங்கன்னா உயிராம். நம்ம சாப்பாடு மாதிரி உலகத்துலயே இல்லையாம்," என்று, ஒரு சொல்கூடப் புரியாமல், மொழிபெயர்த்தார் செந்தில்நாதன். மண்டபம் அதிர்ந்தது. ஒரு வாரமாக அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

அப்போது பாலகிருஷ்ணன் மைக்கோடு கேமராவுக்கு முன்னால் வந்தார். திரையைப் பார்த்தார். பேச வாயெடுத்தவர் அப்படியே நின்றார்.

"சிக்னல் சரியில்லை போல," என்றார் மெல்ல. "நிப்பாட்டுவம் தம்பி. போதும்."

செந்தில்நாதன் அவசரமாகச் சுற்றிலும் பார்த்தார். பிடித்துவிட்டார். எதை வைத்துப் பாலகிருஷ்ணன் கண்டுபிடித்தார்? சுவரா, காபிக் கோப்பையா?

"நல்லாத்தானே தெரியுது, விடுங்க பாலா," என்று மண்டபத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள்.

"இல்லையில்லை, படம் உடையுது. வைக்கிறன்," என்று பாலகிருஷ்ணன் பொத்தானைத் தேடித் தடவினார்.

அந்தக் குரலைக் கேட்டதும் ரென்சோ இத்தாலிய மொழியை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போனுக்குக் குனிந்து, முகம் மலர, மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரியும் ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் சொன்னார்:

"பாலா, நீயா? போன வருஷம் உனக்குக் கிரேக்கனா நின்னேன், இந்த வருஷம் இவங்களுக்கு இத்தாலிக்காரன். அடுத்த வருஷம் உங்க சங்கத்துக்கு எந்த நாட்டுக்காரன் வேணும்னு இப்பவே சொல்லிடு, மீசையைத் திருத்தணும்."